கால்வாயில் இறங்கிய அப்பா

வெள்ளானூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள வெற்றி அண்ணனுக்கு,

அனுசுயா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். தோஹா வெயில் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்கட்டும். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வேறெதற்கோ தாவிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன வருட மழையில் நம் தெருவே மிதந்தது. இந்தத் தடவை கால்வாயை நாமே தூர்வாரலாம் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயப்பிரியா அக்கா கூப்பிட்டார். இரண்டு மூன்று பேர்தான் வந்தார்கள். அவர்களைப் படமெடுத்து, பெயரோடு, நீயும் இருக்கிற நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார் அக்கா. அடுத்த ஞாயிறு மண்வெட்டி போதவில்லை!

நம் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் சேறு வாரப் போனார். ரிட்டயரான நாளாக டிவி முன்னாலேயே கிடந்தவர், கடைத்தெருவில் நாலு பேர் வணக்கம் வைத்ததும் நிமிர்ந்து நடந்தார்.

ஒரு வாரம் அவர் படம் மட்டும் விட்டுப்போயிற்று. எதிர்வீட்டு சம்பத் மாமா படம் பெரிதாக வந்திருந்தது. "நான் இன்னா பேருக்கா போறேன்?" என்று அப்பா கத்தினார். ஆனால் அடுத்த ஞாயிறு போகவில்லை.

வியாழக்கிழமை மழை கொட்டியது. சிறுபாலத்தில் குப்பை அடைத்து, தண்ணீர் வாசற்படி ஏறியது. சம்பத் மாமா தனியாளாகக் கம்பால் குத்திக்கொண்டிருந்ததை அப்பா ஜன்னலில் பார்த்தார். சட்டென்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் குடையோடு பின்னால் ஓடினேன். மாமா ஒரு கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அப்பா இடுப்பளவு தண்ணீரில் குனிந்து அடைப்பைப் பிடுங்கினார். கிழிந்த மெத்தை ஒன்று வந்தது. தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது. அந்த மழையில் யார் போனை வெளியே எடுப்பார்கள்?

தலை துவட்டும்போது, "யார்னா போட்டோ எட்த்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சர்தான் வுடு. யார் ஊட்டுக்குள்ளயும் தண்ணி வர்ல இல்ல?" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!

மறுநாள் சம்பத் மாமா சொல்லக் கேட்டு, ஜெயப்பிரியா அக்கா நடந்ததைக் குழுவில் எழுதினார். ஒரே பாராட்டு. ஒவ்வொரு பெயராக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார் அப்பா. கடைசியில், "வெற்றி இன்னா போட்டுகீறான்?" என்றார். உனக்கு ஷிப்ட், இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லிவைத்தேன். நீ பார்த்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

உங்களுக்குள் நடந்ததைக் கிளறவில்லை, அண்ணா. இன்று காலையும் அவரும் சம்பத் மாமாவும், யாரும் கூப்பிடாமலே, பாலத்தடியில் குப்பை அள்ளிவிட்டு வந்தார்கள். ஊரார் பாராட்டு அவருக்கு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. நீ ஒரு வார்த்தை எழுது. குழுவில் வேண்டாம், அவருக்கே எழுது.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடும்
உன் தங்கை,
அனுசுயா