அண்ணன் அழைத்து வந்த போலீஸ்

18 செப்டம்பர் 2005, ஞாயிறு

வெளியூர், வெளிநாட்டு ஆட்களோடு பேச வைத்திருக்கும் என் அமெச்சூர் ரேடியோவை இன்று ஒருவழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டேன். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த பிளக் பின்னைச் சுரண்டி, கேபிளை நானே பற்றவைத்தேன். சாயங்காலம் ஸ்பீக்கரில் விசில் மாதிரி வந்த சத்தம் திரையில் எழுத்தெழுத்தாக விழுந்தது. ஜப்பானிலிருந்து ஒருவர் என் பெயரைக் கேட்டார்.

பதில் தட்டுவதற்குள் வாசலில் ஒரு போலீஸ்காரர். அவருக்குப் பின்னால், பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் என் அண்ணன்.

"ஏம்பா, சிலோனுக்குத் தகவல் அனுப்புறியாமே?"

லைசென்ஸைக் காட்டினேன். படித்துவிட்டு அண்ணனைத்தான் முறைத்தார். "இதுக்கா என்னை இட்டுக்கினு வந்த?"

அவர் போனதும் அண்ணனிடம் கேட்டேன். "ஏன் இப்படிப் பண்ண?"

"நீ அதுல பேசினா என் டிவில கோடு கோடா வருது. சொன்னா கேக்கிறியா நீ?"

ஒரு தடவைகூட அவன் சொன்னதில்லை. டிவிக்காகத் தம்பியை உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறான். அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்து பார்த்தால் ஜப்பான்காரர் போய்விட்டிருந்தார். 'இருக்கிறீர்களா?' என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

ராத்திரி அண்ணி மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். தொடாமல் திருப்பி அனுப்பினேன். பசிக்கிறது. பசிக்கட்டும்.