இம்ஃபுலா

லோம்பேயின் அப்பாவுக்கு,

ஏரியில் மீன் எப்படி, குளிர் எப்படி என்று கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மீன்பிடி முகாமில் போன் எடுக்காததால், மீன் ஏற்ற வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆறு வற்றியதிலிருந்து செம்பு உருக்காலையின் கழிவுநீரையே சுத்தம் செய்து குளிர்விக்கும் கோபுரத்தில் சுற்ற விடுகிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் கிருமிக்குத் தீனி அதிகம், கிருமியைக் கொல்லும் மருந்தும் அதிகம் விட வேண்டும்; இல்லாவிட்டால் சாரலோடு கிருமி மூச்சில் ஏறி நெஞ்சைப் பிடித்துவிடும். மருந்து லாரி வரவே இல்லை. நான் பார்த்துக்கொள்ளும் மருந்து பம்ப் காலி டிரம்மை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பொறியாளரிடம் சொன்னால், "பீதியைக் கிளப்பாதம்மா, லேப் ரிசல்ட் வரட்டும், பாக்கலாம்" என்கிறார்.

கோபுரத்திலிருந்து வேலி தாண்டிப் பறக்கும் சாரலை நாங்கள் வேடிக்கையாக இம்ஃபுலா, மழை, என்போமே. உங்கள் அண்ணன் போதகர் சிபெசா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். "ஊரே காஞ்சு கெடக்கு, நம்ம தலையில மட்டும் ஆண்டவர் தூவுறார் பாத்தியா" என்று சபையின் பெஞ்சுகளை வேலியோரத்துக்கே மாற்றிவிட்டார். இப்போது பாடகர் குழுவில் பாதிப் பேருக்கு இருமல். தையல்காரர் கபுண்டா இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போய் வந்தேன்.

நம் லோம்பே முன்வரிசையில் நின்று பாடியவள். ஏற்கனவே இழுப்புக்காரி. முந்தாநாள் காய்ச்சல் கொதித்தது. மலேரியா இல்லை என்றார்கள். கோபுரத்தைப் பற்றிச் சொன்னதும் நர்ஸ் முகம் மாறி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். வண்டி பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் உங்கள் அண்ணன் குழந்தையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். ஞாயிறன்று அவளை வேலியடியில் படுக்கவைத்து, அந்த மழையில் நனையவிட்டு ஜெபிக்கப் போகிறாராம். குழந்தையைத் திருப்பிக் கேட்கப் போனேன். "கம்பெனிக்காரியா பேசாத, தாயா பேசு" என்றார். உள்ளே பெண்கள் உரக்கப் பாடி என் குரலை அமுக்கிவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கு நடுவிலும் அவள் மூச்சு இழுப்பது கேட்டது.

கம்பெனி அந்தத் தண்ணீர் சுத்தம் என்கிறது. உங்கள் அண்ணனும் அதையேதான் சொல்கிறார். இல்லை என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

கோபுரத்தை நிறுத்திவிடலாமா என்று சுவிட்ச் வரை கை போனது. தண்ணீர் குளிராவிட்டால் உலை சூடேறி வெடிக்கலாம், அதன் முன்னால் நிற்பவர்கள் கதி என்ன? கையை எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்னால் மட்டுமே அண்ணன் கேட்பார். லாரி சனிக்கிழமை திரும்புகிறது. மீன் மேலேயே உட்கார்ந்தாவது வந்துவிடுங்கள். ஆண்டவர் வழித்துணையாக இருக்கட்டும். ஞாயிறன்று காற்று எதிர்ப்பக்கம் வீச வேண்டும் என்று அவரிடம் மன்றாடினேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருப்பது பிறகுதான் உறைத்தது. இனி என்னவென்று ஜெபிப்பேன்? வந்துவிடுங்கள்.

உங்கள்
லோம்பேயின் அம்மா