இருங்குச் சோளத்துக்குள் உன் இடம்

அக்கா,

கொடியில் கிடந்த தாவணியை மடித்துவைக்க எடுத்தேன். அதில் உன் வாசனை அடித்தது. பச்சை இருங்குச் சோளத் தட்டையை ஒடித்தால் லேசான இனிப்பும் புழுதியுமாக ஒரு வாசனை வருமே, அதுதான். வழக்கம்போல என்னைக் கேட்காமல் என் தாவணியைக் கட்டிக்கொண்டு நீ சோளக் கொல்லைக்குப் போய் வந்துவிட்டாய் என்று ஒரு நொடி நினைத்து, சண்டைக்குத் தயாராகிவிட்டேன். பிறகுதான் நேற்று அதைக் கட்டிக்கொண்டு உள்ளே போனது நான் என்பது நினைவுக்கு வந்தது. ஆமாம், உள்ளே. அப்பா கூப்பிட்டார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் என் கண்ணால் பார்த்தபடி சொல்கிறேன். நம் கொல்லைக்கு மேற்கே வரப்பைத் தாண்டினால் காப்புக்காடு. ஊரில் எல்லோரும் மான் வராமலிருக்க முள் வெட்டிப் போடுவார்கள். அப்பா மட்டும் மான் வந்து மேய்வதற்கென்றே நடுக் கொல்லையில் தட்டைப்பயறு விதைப்பார். அதைச் சுற்றி நாலு பக்கமும் இருங்குச் சோளம். வளர்ந்துவிட்டால் அப்பா கையை உயர்த்தினாலும் கதிர் எட்டாது. திறந்த வெளியில் பகலில் மான் வாய்வைக்காது. சுற்றிலும் உயரமாக மறைப்பு நின்றால் காட்டுக்குள் இருப்பதாக நினைத்து நின்று மேயும். நாமும் அதன் கண்ணில் படாமல் கிட்டே போய் உட்காரலாம் என்பது அப்பாவின் யோசனை. பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி தோளில் தொங்கும். மானைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்த பிறகும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"ஊரான் எல்லாம் மானை வெரட்ட வேலி போடறான். ஒங்கப்பாரு மானுக்குப் பந்தி போடறாரு. எலை ஒண்ணுதான் போடல" என்பாள் அம்மா.

"எலைய வேணாம்னு நாங்கதாம்மா சொல்லிட்டோம். அதையும் தின்னுட்டுப் போயிடும்" என்பாய் நீ.

நாங்கள் என்ற சொல்லை நீ அவ்வளவு சுலபமாகச் சொல்வாய். அதில் நீயும் அப்பாவும் இருந்தீர்கள். நானும் அம்மாவும் வெளியே.

எட்டாம் வகுப்போடு நீ படிப்பை நிறுத்தியபோது எல்லோரும் உனக்காக வருத்தப்பட்டார்கள். நான் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நான் பெரம்பலூருக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது நீ அப்பாவின் ஏருக்குப் பின்னால் மடியில் விதையோடு நடப்பாய். உன் கையிலிருந்து விதை விழுவதே தெரியாது. முளைத்த பிறகு பார்த்தால் யாரோ அளந்து நட்டமாதிரி இருக்கும்.

ஓர் ஆடியில் நானும் போடுவேன் என்று அழுது கீழண்டைப் பக்கத்தை வாங்கிக்கொண்டேன். மறைப்பு என்றால் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று நானாக முடிவுசெய்து அள்ளி அள்ளிப் போட்டேன். நெருங்கி முளைத்தது, நூல்மாதிரி மெலிந்து உயர்ந்தது, முதல் பெருமழைக்கு மொத்தமாகச் சாய்ந்தது. நீ போட்ட மூன்று பக்கமும் ஆடிக்கொண்டு நின்றன.

அப்பா திட்டவில்லை. "படிக்கிற புள்ள போட்ட பக்கம் படுத்துக்கிச்சு" என்றார். நீ வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அதற்கப்புறம் என்னை யாரும் கொல்லைக்குக் கூப்பிடவில்லை. நானாகக் கேட்டாலும், "நீ தும்முவடி. அதோட, நீ பக்கம் பொரட்டுற சத்தத்துக்கே மான் வேலூர் தாண்டிப் போயிடும்" என்பாய். ஐப்பசி, கார்த்திகையில் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில்தான் நீங்கள் இருவரும் திரும்புவீர்கள். உன் பின்னலில் சோளத் தோகையின் துணுக்குகள் ஒட்டியிருக்கும். இரண்டு பேர் முகத்திலும் எதையோ பாதியில் விட்டுவிட்டு வந்த சிரிப்பு.

"என்னப்பா?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்ல. நீ படி."

நீ படி. இந்த இரண்டு சொற்களை நான் எத்தனை வெறுத்தேன் என்று உனக்குத் தெரியுமா? மான் ஒன்றுகூடக் கிடைக்காமல் வெறுங்கையோடு வருகிறார்களே, அப்புறம் என்ன சிரிப்பு என்று தோன்றும். சுட்டிருந்தாலாவது ஒரு பங்கு எனக்கும் வந்திருக்கும்.

விளக்கு வைத்த பிறகு மட்டும் நீ என்னுடையவள். நூலகத்திலிருந்து நான் கொண்டுவரும் வாரப் பத்திரிகையை விரித்ததும் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வாய். "சத்தமாப் படிடி, அடுப்புக்கிட்ட அம்மாவுக்கும் கேக்கட்டும்" என்பாய். கொள்ளிடத்து ஓடக்காரன் மகளின் தொடர்கதைக்காக நீ வாரம் முழுக்கக் காத்திருந்தாய். வெள்ளத்தில் அப்பாவைத் தொலைத்துவிட்டு அவளே ஓடம் தள்ளுகிறாள். ஒருநாள் பனிமூட்டத்தில் அக்கரையிலிருந்து யாரோ கை காட்டுகிறார்கள். அவள் துடுப்பை எடுக்கிறாள். தொடரும் என்று போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரப் பத்திரிகை வந்தபோது உனக்குக் காமாலை முற்றிவிட்டது. தலைமாட்டில் உட்கார்ந்து பக்கத்தைப் பிரித்தேன். "கண்ணு எரியுதுடி. நாளைக்குப் படி" என்றாய். அந்த நாளை வரவில்லை. மார்கழிக் குளிரில் உன்னை எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன பிறகாவது அப்பா எனக்குக் கிடைப்பார் என்று நினைத்தேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். கிடைக்கவில்லை. சாப்பிடும்போது உன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். தவறு என்று தெரிந்தும் திருத்திக்கொள்ள மாட்டார். நானும் "என்னப்பா?" என்று போய் நிற்பேன். இந்த ஆடியில் தனி ஆளாக மறுபடி நாலு பக்கமும் இருங்கு போட்டார். ஐப்பசியில் மறைப்பு உயர்ந்ததும் தினமும் மாலையில் உள்ளே போய்விடுவார். துப்பாக்கி மட்டும் பரணில் கிடந்தது. இல்லாமல்போன உன்னோடுகூட அவருக்குப் போய் உட்கார ஓர் இடம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது, பாடப் புத்தகம்.

நேற்று லீவு. வாசலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டிய அப்பா திரும்பிப் பார்த்தார்.

"சின்னவளே, வர்றியா?"

புத்தகத்தை மூடினேனா என்றுகூடத் தெரியாது.

கிழக்குப் பக்கமாகக் குனிந்து நுழைந்தோம். தோகை இரண்டு பக்கமும் கையை அறுத்தது. உள்ளே இரண்டு தட்டைக் கல். ஒன்று உன்னுடையது என்று அவர் சொல்லவே வேண்டாம். அதன்மேல் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. நான் மற்றதில் உட்காரப் போனேன். "அதுல ஒக்காரு" என்று உன் கல்லைக் காட்டினார். தட்டைப்பயறு இடுக்கில்லாமல் பச்சையாகப் படர்ந்திருந்தது. ஒரு நுனிகூடக் கடிபட்டிருக்கவில்லை.

வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். தும்மல் வரவில்லை, அக்கா. மானும் வரவில்லை. முதுகில் ஈரக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. பாடத்தில் படித்த வடகிழக்குப் பருவக்காற்று நினைவுக்கு வந்தது.

"அப்பா, காத்து நம்ம முதுகுலேருந்து அடிக்குது. காடு மேக்க இருக்கு. நம்ம வாடை நேராப் போயிடுமே. அப்புறம் மான் எப்படி வரும்?"

"வராது" என்றார்.

"தெரியுமா?"

"ஆடியில காத்து மேக்கேருந்து வந்துச்சு. அத வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் கல்லப் போட்டேன். தட்டை ஒசந்து மறைப்பு ஆவறதுக்குள்ள காத்து திரும்பிடுச்சு. மொத வருசமே பெரியவ கண்டுபுடிச்சிட்டா. 'மாத்திப் போடுவமா?'ன்னு கேட்டேன். 'வேணாம்ப்பா, மான் வந்தா நீ சுடணும், சுட்டா கிளம்பணும்'னுட்டா."

"அப்பறம் எதுக்குப்பா வருவீங்க?"

"கதை சொல்லுவா. நல்லாச் சொல்லுவா அவ."

எந்தக் கதை என்று நான் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். கொள்ளிடம், ஓடக்காரன் மகள், வெள்ளம். ஒரு கருப்பு ஆடும் வந்தது. அந்தப் பெண் எங்கே போனாலும் ஓடத்தின் முனையில் அது நிற்குமாம், தண்ணீரைப் பார்த்துத் தும்முமாம். அக்கா, நான் படித்த கதையில் ஆடே கிடையாது. அந்தத் தும்மல் யாருடையது என்றும் எனக்குத் தெரியும்.

"இதெல்லாம் யாரு படிச்சதுன்னு சொன்னாளாப்பா?"

"அத நான் கேக்கல" என்றார் அப்பா.

உன்மேல் ஆத்திரம் வந்தது. நான் பஸ்ஸில் நசுங்கிக் கொண்டுவந்த கதை. என் குரலில் நீ கேட்ட கதை. அதை வைத்து நீ அப்பாவின் மாலைப்பொழுதையெல்லாம் வாங்கிக்கொண்டாய். எனக்கு "நீ படி." ஆமாம், நான் படித்தால்தானே மறுநாள் உனக்குச் சொல்லக் கிடைக்கும்! மானுக்காக நீங்கள் போகிறீர்கள் என்று நினைத்துப் பொறாமைப்பட்ட நாட்களே மேல். மான் இல்லாமல், துப்பாக்கிக்கு வேலை இல்லாமல், வெறுமனே அவர் உனக்குக் கிடைத்தார் என்று தெரிந்தபோது பொறாமை இரண்டு பங்காகிவிட்டது.

அப்பா பயற்றுக்கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அக்கரையில கைகாட்டினது யாருன்னு சொல்லாமப் போயிட்டா. ஒனக்குத் தெரியுமா? அவ அப்பன்தானே?"

எனக்குத் தெரியும். நீ கேட்காமல்போன அந்த இதழைப் படித்தது இந்த வீட்டில் நான் மட்டும்தான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நாளைக்குச் சொல்றேன்ப்பா. இருட்டப் போவுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து அந்தச் சிரிப்பை, பாதியில் விட்ட அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "அவளும் இப்படித்தான் நிறுத்துவா" என்றார். குனிந்து வெளியே வரும்போது ஒரு தட்டையை ஒடித்து, நார் உரித்து எனக்குக் கொடுத்தார். தாவணியில் ஒட்டிய வாசனை அதுதான்.

உன்மேல் கோபம் தீரவில்லை. உன் கல்லை இனி விடப்போவதும் இல்லை. ஆனால் கதை முடியாமல் நீ போனதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், கேள். பனி விலகியபோது அக்கரையில் நின்றது அவள் அப்பா இல்லை. ஆற்றைக் கடக்க வேண்டிய யாரோ ஒருவர், தலையில் மூட்டையோடு. அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான் கதை.

அச்சிட்டதில் ஆடு இல்லை. நாளை அப்பாவிடம் சொல்லும்போது அதையும் ஓடத்தில் ஏற்றிக்கொள்கிறேன்.