ஆறேகால் மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே போடுங்கள். நான் நலம்.

நேற்று எங்கள் விமான டிக்கெட் அலுவலகத்துக்கு நம் ஊர்ப்பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட். "சார், அம்மா தவறிட்டாங்க. நான் போறதுக்குள்ள எடுத்துருவாங்களா?"

"ஆறேகால் மணி நேரம்தாங்க. போன் பண்ணி வச்சிருக்கச் சொல்லுங்க," என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்து மேசைக்காரர், "பரவால்லியே, உங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு!" என்று கிண்டலடித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அப்பா இறந்த அன்று தம்பி இதையேதான் கேட்டான்: "அண்ணா, வர எவ்வளவு நேரமாகும்? அப்பாவை வச்சிருக்கட்டுமா?" மூன்று விமானம் மாற வேண்டும், இரண்டு நாளாகும், காத்திருக்காதே என்றேன். பொய். அன்று மாலையே நேர் விமானம் இருந்தது, இடமும் இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை அப்பா அவன் பேருக்கு எழுதிய கோபத்தை அவருடைய சாவில் காட்டினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் செய்தது செய்ததுதான். நீங்களோ மூன்று வருடமாக, "பாவம், அவன் ரெண்டு நாள் தூரத்துல கெடக்கான்," என்று எனக்காகப் பரிந்து பேசுகிறீர்கள்.

அப்பாவின் படம் ஒன்று அனுப்புங்கள். அவருடைய பழைய சட்டை இருந்தால் அதையும்.

அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. கடிதத்தை உங்களுக்குப் படித்துக் காட்டுவது தம்பிதான் என்று தெரிந்தேதான் எழுதினேன். வரலாமா என்று உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் வா என்றுதான் சொல்வீர்கள். அவன் சொல்லட்டும்.

உங்கள் மூத்த மகன்