பார்சல் வந்த அத்தியாயம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். வழக்கமாக இந்த வரியைக் கை தன் பாட்டுக்கு எழுதிவிடும், இந்தத் தடவை யோசித்து, நிஜமாகவே எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசவிட்டால்தானே? அன்றைக்கு நீ அழ ஆரம்பித்ததும் எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. ஒரு பஸ் நிறைய ஆட்களை வாயாலேயே சமாளித்த கண்டக்டர் நான், பெற்ற மகள் அழுதால் மட்டும் விசில்கூட ஊதத் தெரியாது. வீட்டு விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, நானே சரிசெய்தேன், அதாவது நான் சரிசெய்ததைப் பிளம்பர் வந்து சரிசெய்தார். உன் அண்ணனுக்கு மறுபடி ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், பகலில் தூங்கி எழுந்து என்னையே யார் என்று கேட்கிற மாதிரி பார்க்கிறான். இதெல்லாம் இருக்கட்டும், இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி.

இனிமேல் புத்தகம் வாசித்துப் பதிவு செய்து இணையத்தில் போடப் போவதில்லை, யாரோ புகார் பண்ணிவிட்டார்கள், கண் தெரியாதவர்களை ஏமாற்றின மாதிரி ஆகிவிட்டது, நான் இதற்கு லாயக்கில்லை என்று சொன்னாய். பாதி வாசித்திருந்த அந்தக் கொலைக் கதையையும் எடுத்துவிட்டேன் என்றாய். அம்மாடி, அந்தப் புகார் எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிருந்துதான். உன் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற ஆள்தான் அனுப்பினார். திகைக்காதே, முதலிலிருந்து சொல்கிறேன்.

நடுக்கம் அதிகமானதிலிருந்து அம்மா புத்தகத்தைத் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். கையோடு சேர்ந்து வரியும் ஆடுகிறது, ஒரு பக்கம் புரட்டினால் மூன்று பக்கம் போய்விடுகிறது. சரி, நானே வாசித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏங்க, என்னை எந்த ஸ்டாப்புல இறக்கிவிடப் போறீங்க என்று கேட்டாள். என் வாசிப்பு அந்த லட்சணம். நீ அனுப்பிய இணைப்பையும் திறக்கவில்லை, எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது, அது யாருக்கோ செஞ்சது என்று ஒதுக்கிவிட்டாள். அதைவிட எனக்குப் பெரிய கவலை, அவள் பேச்சையும் குறைத்துக்கொண்டதுதான். குரல் இறங்கிப்போனதால் என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க என்று எல்லாரும் கேட்கக் கேட்க, அவளுக்கு வெறுத்துவிட்டது. எனக்குப் பேச இடமே கொடுக்காதவள் இருந்த வீட்டில் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். உன்னிடம் வீடியோ காலில் வெறுமனே தலையாட்டிக்கொண்டு இருப்பாளே, அது அதனால்தான்.

டாக்டர் சொன்னார் என்று ஒருநாள் பிசியோதெரபி நிலையத்துக்குக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன். நீளமான ஹால், சுவர் முழுக்கக் கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், கூடை நிறைய ஸ்பாஞ்சுப் பந்துகள். ஓரத்து நாற்காலிகளில் தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு லாரிக்காரர், விபத்தில் இரண்டு கண்ணும் போய், இடுப்பும் அடிபட்டவர். பக்கத்தில் ஒரு தையல்காரப் பெண், தோள்பட்டை வலிக்கு வருகிறவள். லாரிக்காரர் தன் போனில் ஏதோ கதை ஓடவிட்டிருந்தார். கேட்டால், உன் குரல்! நம் மொழியில் இப்படி வாசித்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள், அவர் கையில் நீ அகப்பட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது எங்க பொண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன், உன் அம்மா என் காலை நறுக்கென்று மிதித்தாள். பயிற்சியில் தூக்கவே முடியவில்லை என்று சாதித்தாளே, அதே கால்.

வீட்டுக்கு வரும் வழியில் ஏன் மிதித்தாய் என்று கேட்டேன். நான் கேக்கிறது அவளுக்குத் தெரிஞ்சா எனக்காகப் படிப்பா, நோயாளிக்கு மருந்து குடுக்கிற மாதிரி மெதுவா, பயந்து பயந்து படிப்பா, இப்ப எல்லாருக்குமாப் படிக்கிறா, நல்லாருக்கு, நானும் எல்லாரோடயும் சேர்ந்து கேட்டுக்கிறேன், அவகிட்ட மூச்சு விடாதீங்க என்றாள். அன்றிலிருந்து நான் எழுப்புவதற்கு முன்னாலேயே கிளம்பித் தயாராக நிற்கிறாள். பயிற்சிக்கா போகிறாள்? கதைக்குப் போகிறாள். நானும் மூச்சு விடவில்லை, என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்கே தெரியும்.

அங்கே உன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று நீ கேட்டிருக்க வேண்டும். போனே படிச்சுக் காட்டுற மெஷின் குரல்ல கொலையும் ஒண்ணுதான் கரண்ட் பில்லும் ஒண்ணுதான், இந்தப் பொண்ணு பயந்தா எனக்கும் பயமா இருக்கு என்பார் லாரிக்காரர். கண் இருந்தவரை அவர் படித்ததெல்லாம் ரோட்டுப் பலகைதானாம், கண் போன பிறகுதான் புத்தகத்துக்குள் போனேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். தையல்காரப் பெண்ணுக்குக் கண்ணில் குறையில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே எழுத்துகள் இடம்மாறிக் குதிக்குமாம், பள்ளிக்கூடத்தில் மக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். இப்போது தைத்துக்கொண்டே கேட்கிறாள். புரியலைன்னா திருப்பி ஓடவிட்டுக் கேக்கிறேன், யாரும் என்னை முறைக்கிறதில்ல அங்கிள் என்றாள். என் மகள் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்தது இந்த வேலையெல்லாம் செய்கிறதே என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

சரி, பார்சல் விவகாரத்துக்கு வருகிறேன். நீ வாசித்த கொலைக் கதையில், அந்தப் பெரிய வீட்டில் விதவை தனியாக உட்கார்ந்து காலடிச் சத்தம் கேட்கிற அத்தியாயம். அந்த நேரம் பார்த்து உன் வீட்டுக் கதவை எவனோ தட்டியிருக்கிறான். நாற்காலி நகர்கிற சத்தம், வர்றேன், யாரு, பார்சலா, அங்கேயே வெச்சிட்டுப் போங்க என்று உன் குரல், அப்புறம் மறுபடி கதை. அதை வெட்ட மறந்துவிட்டாய். நீ மறந்தது உனக்குத் தெரியாது, இவர்களுக்கு அது கதை இல்லை என்று தெரியாது. பார்சல் கொண்டுவந்தவன்தான் கொலைகாரன் என்று லாரிக்காரர் அடித்துச் சொன்னார். இல்லவே இல்லை, விதவையின் கொழுந்தன்தான், பார்சலில் இருப்பது விஷம் என்று தையல்காரப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். உன் அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். உடம்பு குலுங்குகிறதே, நடுக்கம் கூடிவிட்டதோ என்று நான் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினால், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்!

அடுத்தடுத்த அத்தியாயங்கள் போயின, பார்சலை யாரும் பிரிக்கவில்லை. லாரிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்சலைப் பிரிக்கிற இடம் விட்டுப்போச்சு, ஒழுங்கா முழுசாப் போடுங்க என்று நீ வாசித்துப் போடுகிற இணையத் தளத்துக்குக் குரல் பதிவு அனுப்பிவிட்டார். இதுதான் நீ அழுத புகார். நீயோ புத்தகத்தையே தூக்கிவிட்டாய். அடுத்த முறை நாங்கள் போனபோது அவர் போனைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கதை இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போயிட்டா, நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் படிக்கிறவங்க இப்படித்தான், புண்ணியத்துக்குக் கொஞ்ச நாள் படிப்பாங்க, அப்புறம் வேற ஜோலி வந்துடும் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பழகிப்போன மாதிரி சொன்னார். தையல்காரப் பெண் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அப்போது உன் அம்மா எழுந்தாள். நடைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது என் பொண்ணு என்றாள். அந்தக் குரலை நான் எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை தெரியுமா! பக்கத்து அறையிலிருந்து பயிற்சி கொடுக்கிற பெண் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தாள். பார்சல் அவ வீட்டுக்கு வந்தது, கதைக்கு இல்ல, என் பொண்ணு புண்ணியத்துக்குப் படிக்கிறவ கிடையாது, படிக்காம இருக்க முடியாதவ, முடிக்காம விட மாட்டா, நான் சொல்றேன் என்றாள். யாரும் என்ன சொன்னீங்க என்று கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. லாரிக்காரர் போனை மடியில் வைத்துவிட்டு அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு, அம்மா, நான் குறை சொல்லலம்மா, ஆசையில கேட்டேன் என்றவர், சரி, அந்தப் பார்சல்ல என்னதான் இருந்துச்சு என்று கேட்டாரே பார்க்கலாம், ஹாலே சிரித்தது.

தவறு தவறுதான் கண்ணு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தை வெட்டிச் சரிசெய்து மறுபடி போடு. அதற்காக லாயக்கில்லை என்று நீயே தீர்ப்பு எழுதாதே, அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள், அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. என் சர்வீஸில் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன், நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைவிடத் தூரம் கூட்டிக்கொண்டு போகிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதைப் போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதினேன். அம்மா கேட்பது தெரிந்துவிட்டதே என்று நீ மெதுவாக இழுத்து வாசித்தால் நடக்கிறதே வேறு என்று அவளே சொல்லச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு, வாசிப்பதற்கு முன் வெந்நீர் குடி, தொண்டையைப் பார்த்துக்கொள். நீ நீண்ட ஆயுளோடும் குறையாத குரலோடும் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே, சீக்கிரம் செய். இப்போது அந்த நாற்காலிகளுக்கு அம்மாதான் கதை சொல்கிறாள். நீ வாசித்ததை ஆரம்பத்திலிருந்து, தன் வாயால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறாள், குரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை என்கிறார் டாக்டர். நீ நிறுத்திய இடத்துக்கு நேற்று வந்துவிட்டாள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது, அம்மாடி.

உன் குரலைக் கேட்கக் காத்திருக்கும்,
அப்பா