மூடி வைத்த மேய்க்காலைத் தரிசு என்று எழுதியதைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
பாஞ்சாலி, க/பெ. விருத்தாசலம்,
கீழ்நெல்லிமேடு, வல்லம் வழி,
செஞ்சி வட்டம்.

பெறுநர்:
கோட்டாட்சியர் அவர்கள்,
திண்டிவனம்.

பொருள்: மேய்க்கால் புறம்போக்கு – தெற்குப் பாதியில் வேலி போட்டது – மிச்சத்தையாவது காக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் மேய்க்கால் அறுபது ஏக்கர். பதினெட்டுக் குடும்பத்து ஆடுகள் அதை நம்பியே உள்ளன. ஐப்பசி மழை விழுந்ததும் ஒரு பாதியை ஆடு விடாமல் மூடிவிடுவோம். புல் முற்றி விதை கொட்டியபின் தையில் திறப்போம். மறு வருடம் அடுத்த பாதி. மீறி ஓட்டினால் ஓர் ஆட்டை மாரியம்மன் கோயிலுக்கு விட வேண்டும். என் வீட்டுக்காரரே ஒரு கிடாவை விட்டிருக்கிறார்.

2. 1984 மார்கழியில் மரம் நடும் திட்டத்துக்கு இடம் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தெற்குப் பாதியை மூடியிருந்த வருடம் அது. புல் முழங்கால் உயரம் நின்றது. அன்று காவல் என்னுடைய முறை. இங்கே ஆடு மேய்கிறதா என்று கேட்டார். "ஒரு ஆட்டுக்காலு கூட உள்ள போவாதுங்க ஐயா, நான் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் எழுதிக் காட்டிய இடத்தில் கைநாட்டும் வைத்தேன். எங்கள் காவலைப் பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்தேன்.

3. எழுதியது, "மேய்ச்சலுக்குப் பயன்படாத தரிசு". மறு வருடம் தைலமரக் கன்றும் முள்கம்பி வேலியும் வந்தபோதுதான் தெரிந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, நான் சொன்னதைத்தான் எழுதினார். ஊரில் ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

4. சென்ற வருடம் வடக்கின் முறை. இருப்பதே அதுதான், அதிலும் பாதியை மூடலாம் என்றார்கள் சிலர். மூடினால் அதையும் தரிசு என்று எழுதிவிடுவார்களே என்ற பயத்தில் ஊர் கூடி மூடாமல் விட்டோம். எந்த மூலையிலும் எந்நேரமும் ஆடு நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். புல் விதை கொட்டவே இல்லை. இப்போது வேர் வெளியே தெரிகிறது. தெரிந்தே அழிக்கிறோம் ஐயா.

5. தாங்கள் நேரில் பார்த்து அந்தப் பதிவைத் திருத்தித் தர வேண்டும். அதற்கு நாளாகும் என்று அறிவேன். அதுவரைக்கும், "மூடி வைத்திருந்தாலும் இது மேய்ச்சல் நிலமே" என்று தங்கள் கையொப்பத்துடன் ஒரு வரி எழுதித் தருமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி பிறக்க ஐந்து நாளே உள்ளது. தாள் கைக்கு வந்த அன்றே வடக்கில் பாதியை மூடிவிடுவோம். முதல் காவல் நான் நிற்பேன். இந்த முறை யார் வந்து கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன், தாளைத்தான் காட்டுவேன்.

இடம்: திண்டிவனம்
நாள்: 13.10.1986

இங்ஙனம் பணிவுடன்,
பாஞ்சாலி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

சொல்லக் கேட்டு எழுதி, இரண்டு முறை படித்துக் காட்டியவர்: தாண்டவராயன்