கேக்குக்கு மட்டும் பெல்ட்

மார்ச் 4
காலையிலேயே வாக்குவாதம். கேக் பெட்டியைக் காரின் பின் சீட்டில் ஏற்றி, சீட் பெல்ட்டைச் சுற்றி மாட்டிவிட்டு, பக்கத்தில் நடு சீட்டில் உட்கார்ந்தேன். இவர் வண்டியை எடுக்கவில்லை.

"உனக்கு?"

பெல்ட் போட்டால் கேக் சாயும்போது எப்படி எட்டிப் பிடிப்பது என்று கேட்டேன்.

"சாயக்கூடாதுன்னுதானே அதுக்கு மாட்டுனே?"

வக்கீலாகப் போயிருக்க வேண்டிய மனிதர். நான் செய்த கேக்கை ஊரெல்லாம் சுமந்துகொண்டிருக்கிறார்.

மார்ச் 7
இன்றும் அதே பாட்டு. "கேக் போனா இன்னொண்ணு செஞ்சுக்கலாம்" என்றார். கேக் செய்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 15
கல்யாண கேக், மூன்று அடுக்கு. முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். பெட்டியை அணைத்திருந்த என் கை எங்கே போனதோ! இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே கியர் கம்பி வரை போய்விட்டேன். போகிற போக்கில் என் மண்டை இவர் கழுத்தில் இடித்தது. "அம்மா!" என்று அலறியது நான் இல்லை, இவர்.

கேக்? ஒரு கிரீம் பூகூட அசையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

மார்ச் 16
இவர் கழுத்தில் பட்டை. என் நெற்றியில் புடைப்பு.

"பின்னாடியிருந்து என்ன வந்து விழுந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"என் சம்சாரம்."

டாக்டர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மெதுவாப் போனதால தப்பிச்சீங்க. கொஞ்சம் வேகமாப் போயிருந்தா, உங்களுக்கும் சரி, அவருக்கும் சரி..." என்று நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அய்யோ, நான் என்ன பண்ணியிருப்பேன்?

மார்ச் 19
மாமியார் போன். "அவன் கழுத்துக்கு என்னம்மா ஆச்சு?" "நான்தான் அத்தை ஆச்சு."

ஏப்ரல் 2
இன்று நான் ஓட்டினேன். இவர் பின்னால், கேக்குக்குக் காவல். கழுத்துப் பட்டையோடு திரும்பிப் பெல்ட்டை எடுக்க முடியாமல் தவித்தார். இறங்கிப் போய் நானே மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

"மூச்சு விடவாவது விடு, தாயே" என்றார்.

என் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து குரல்: "ஏம்மா, கேக்குக்குப் போட்டியா?"

மறந்தே போயிருந்தேன்.